மஞ்சள் போகாத குடுவை

சங்கரன்கோவில் நகராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்த்தவர் கோமதிநாயகம். விடியற்காலையில் மேல்நிலைத் தொட்டியில் ஏறி ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுவார். பிறகு சைக்கிளில் கிளம்பி, முறைப்படி ஒவ்வொரு தெருவுக்கும் வால்வைத் திருகிவிடுவார். கடைசித் தெருவில் ஏதாவது ஒரு குழாயில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, மருந்து அதுவரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். அதற்கென்று ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டி வைத்திருந்தார். பெட்டிக்குள் இருக்கும் குழாயில் தண்ணீரை ஊற்றி, கூடவே இருக்கும் சின்ன பாட்டிலில் இருந்து நாலு சொட்டு விட்டால் இளமஞ்சளாக மாறும். மாறினால் குளோரின் இருக்கிறது. மாறாவிட்டால் இல்லை.

அவருடைய ஒரே மகள் ஜெயசித்ரா எட்டாவது படிக்கும்போது ஒரு சனிக்கிழமை அவரோடு போயிருந்தாள். சொட்டு விழுந்து மஞ்சள் பரவுவதைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“இந்த மஞ்சள் எங்கருந்துப்பா வருது? தண்ணியிலயும் இல்ல, பாட்டில்லயும் இல்லயே.”

“பெட்டி மேல அப்படித்தான் போட்டிருக்கு.”

“அதான் எங்கருந்து வருதுங்கேன்.”

“எனக்கு என்னட்டி தெரியும்? வால்வைத் திறக்கச் சொன்னா திறப்பேன். ஒங்க டீச்சர்ட்ட கேளு.”

டீச்சர், அது பாடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார். பதில் கிடைக்க ஆறு வருஷம் ஆனது. திருநெல்வேலியில் இளங்கலை வேதியியல் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, நூலகத்தில் வேறு எதையோ தேடப் போனவள் ஒரு பழைய புத்தகத்தில் அந்த மஞ்சளைப் பார்த்தாள். நின்ற வாக்கிலேயே அதைப் பற்றிய மூன்று பக்கத்தையும் படித்து முடித்தாள். அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் போட்டு விளக்கினாள். கோமதிநாயகம் முழுவதையும் கேட்டுக்கொண்டு, “சரி, சாப்பிட்டியா?” என்றார்.

முதுகலை முடித்து, தகுதித் தேர்வை இரண்டாவது தடவை எழுதி உதவித்தொகை வாங்கி, சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். வழிகாட்டி பேராசிரியர் சாம்சன். அவர் துறை நானோ வினையூக்கிகள். வினையூக்கி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் ஜெயசித்ரா கல்யாணத் தரகரைச் சொல்லுவாள். இரண்டு வீட்டையும் சேர்த்து வைக்கிறவர் அவர்தான். ஆனால் தாலி கட்டுவது அவர் இல்லை. இங்கே முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அப்படி ஒரு பொருள். நானோ என்றால் என்ன என்று கேட்டால் கற்பூரம். கட்டியாக இருப்பதைவிடப் பொடித்த கற்பூரம் சட்டென்று பற்றிக்கொள்ளும் இல்லையா? அதே மாதிரி, ஒரு பொருளைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடித்தால் அதன் குணமும் வேகமும் மாறிவிடும்.

இந்த வேலைக்கு நன்றாகப் பேர் வாங்கியவை பல்லேடியம், பிளாட்டினம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள். சாம்சனுடைய கூடத்தில் அதுவரை படித்தவர்கள் எல்லோரும் பல்லேடியத்தில்தான் வேலை செய்தார்கள். ஜெயசித்ராவுக்கு அவர் கொடுத்தது வேறு கேள்வி. இரும்பும் மாங்கனீசும் மாதிரி மலிவான உலோகங்களை வைத்து அதே வேலையைச் செய்ய முடியுமா?

இரண்டு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. அவள் பொடிகளைத் தயாரிப்பாள், சூளையில் சுடுவாள், சோதிப்பாள். சோதனை எளிமையானது. நைட்ரோபீனால் என்ற நச்சுப்பொருள் கலந்த, பளிச்சென்ற மஞ்சள் தண்ணீர் ஒரு குடுவையில் இருக்கும். அதோடு சேர்ந்து வினை புரியவேண்டிய உப்பைக் கலந்து, பொடியைத் தூவி, ஒரு சின்னக் காந்தக் குச்சியைப் போட்டுச் சுழலவிடவேண்டும். வினையூக்கி வேலை செய்தால் மஞ்சள் போய்த் தண்ணீர் தெளிந்துவிடும். அவளுடைய குடுவையில் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

மூன்றாவது வருஷம், ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, நாற்பத்தேழாவது பொடியைத் தூவினாள். குடிக்கத் தண்ணீர் எடுக்கத் திரும்பினவள் மறுபடி பார்க்கையில் குடுவை கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. இரண்டே நிமிஷம். பல்லேடியத்தின் வேகம். அவள் கத்தின கத்தலில் பக்கத்து அறையில் இருந்தவர்கள் தீப்பிடித்துவிட்டது என்று ஓடிவந்தார்கள். அடுத்தடுத்து ஒன்பது முறை செய்தாள். ஒன்பது முறையும் தெளிந்தது.

கட்டுரை ஒரு நல்ல ஆய்விதழில் வந்தது. வெளிநாட்டில் இருந்தெல்லாம் மேற்கோள் காட்டினார்கள். கோமதிநாயகம் அதன் முதல் பக்கத்தை அச்செடுத்து, நகராட்சி பம்ப் அறையில் மோட்டார் சுவிட்சுக்கு மேலே ஒட்டிவைத்தார். பட்டம் கிடைத்த கையோடு அத்தை மகன் மகாராஜனுக்கும் அவளுக்கும் கல்யாணம் நடந்தது. மகாராஜனுக்குச் சிவகிரியில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. தைவானில் ஒரு பல்கலைக்கழகம், அந்தக் கட்டுரையைப் பார்த்துவிட்டு, இரண்டு வருஷம் வந்து வேலை செய்யச் சொல்லி அவளை அழைத்திருந்தது. விசா வரும் வரைக்கும் சென்னையில் சாம்சனுடைய கூடத்திலேயே மீதி வேலைகளை முடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூரில் இருந்து ப்ரியதர்ஷினி என்ற ஆராய்ச்சி மாணவி ஒரு மின்னஞ்சல் எழுதினாள். நாலே வரி. உங்கள் கட்டுரையில் உள்ளபடியே பொடி தயாரித்தோம். பதினோரு முறை செய்து பார்த்தோம். ஒரு மணி நேரம் ஆனாலும் மஞ்சள் போகவில்லை. எங்கே தவறு செய்கிறோம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ஜெயசித்ராவுக்குச் சுருக்கென்றது. வெப்பநிலை சரியாக இருந்திருக்காது, சூளையைச் சரிபார்க்கவும் என்று பதில் எழுதினாள். எழுதிய தோரணை அவளுக்கே கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தது, ஆனாலும் அனுப்பிவிட்டாள். ப்ரியதர்ஷினி சூளையின் வெப்பநிலைப் பதிவுகளைப் படம் எடுத்து அனுப்பினாள். எல்லாம் சரியாக இருந்தன. ‘நீங்கள் தயாரித்த பொடியிலேயே கொஞ்சம் கிடைக்குமா?’ என்று கேட்டாள். ஜெயசித்ரா, இத்தோடு இவள் வாயை அடைத்துவிடலாம் என்று, தன்னுடைய நாற்பத்தேழாம் பொடியையே குரியரில் அனுப்பிவைத்தாள்.

ஐந்தாம் நாள் போன் வந்தது.

“அக்கா, நான் ப்ரியதர்ஷினிங்க. கோவிச்சுக்காதீங்க. உங்க பொடியிலயும் வரலைங்க.”

“எத்தனை தடவை பாத்த?”

“ஆறு தடவைங்க. வீடியோ எடுத்து வச்சிருக்கேன், அனுப்பட்டுங்களா?” அந்தப் பக்கம் குரல் உடைந்தது. “எனக்கு இதுல ஒரு வருசம் போயிருச்சுங்க அக்கா. எங்க மேடம், நீ கை சுத்தமில்லாத பொண்ணுன்னு சொல்றாங்க. அப்படித்தானோன்னு எனக்கே தோணுதுங்க.”

ஜெயசித்ரா தன் சோதனைக் குறிப்பேட்டை இழுத்துத் திறந்தாள். “நான் பாத்துட்டுக் கூப்பிடுதேன்” என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் யாரும் இல்லை. மத்தியானம் இரண்டு மணி வெயில் ஜன்னல் வழியாக மேஜைமேல் விழுந்தது. அதே பொடி சென்னையில் வேலை செய்கிறது, கோயம்புத்தூரில் செய்யவில்லை. அப்படியானால் வித்தியாசம் பொடியில் இல்லை. அவள் ஒரு தாளை எடுத்து, குடுவைக்குள் என்னென்ன போகிறதோ அத்தனையையும் எழுதினாள். பிறகு ஒவ்வொன்றாக மாற்றினாள். குடுவையைப் புதிதாக மாற்றிச் செய்தாள். மஞ்சள் போனது. தண்ணீரை மாற்றினாள். போனது. உப்பைப் புது டப்பாவில் இருந்து எடுத்தாள். அப்போதும் போனது. தாளில் கடைசியாக மிஞ்சியது கலக்குகிற காந்தக் குச்சி. மேலே வெள்ளைப் பிளாஸ்டிக் உறை போட்ட, விரல்நுனி அளவுக் குச்சி. அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் பத்திருபது கிடக்கும், யாரும் எடுத்துக்கொள்ளலாம். அவள் சேர்ந்த நாளில் எடுத்த ஒன்று பிறகு தொலைந்துபோய், மூன்றாவது வருஷத்தில், நாற்பத்தேழாவது பொடியைச் சோதித்த அன்றுதான், அந்த டப்பாவில் இருந்து வேறொன்று எடுத்திருந்தாள். அன்றிலிருந்து அதையேதான் பயன்படுத்தினாள்.

பிரிக்காத பொட்டலத்தைக் கிழித்து ஒரு புதுக் குச்சியை எடுத்துப் போட்டாள். பொடியைத் தூவினாள். குச்சி சுழன்றது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், அரை மணி. மஞ்சள் போகவில்லை.

இன்னொரு குடுவை வைத்தாள். பழைய குச்சியைப் போட்டாள். பொடி போடவே இல்லை.

இரண்டு நிமிஷத்தில் தண்ணீர் தெளிந்தது.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். குச்சியை எடுத்து உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தாள். உறையில் நகக்கீறல்போலச் சின்னச் சின்ன வெடிப்புகள். ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. அவளுக்கு முன்னால் படித்த யாரோ பல்லேடியத்தைக் கலக்கிய குச்சி அது. எத்தனை கழுவியும் போகாமல் அந்த வெடிப்புகளுக்குள் தங்கிய துளிப் பல்லேடியம்தான் இத்தனை நாள் வேலை செய்திருக்கிறது. பொடி இல்லாமல் வெறுமனே ஒரு தடவை செய்து பார்க்கவேண்டும் என்பது முதல் பாடம். அதை அவள் செய்யாமல் இல்லை. ஆனால் சின்னக் கண்ணாடிக் குழாயில், குச்சி போடாமல், கையால் குலுக்கிச் செய்திருந்தாள். அது நினைவுக்கு வந்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

விசா காகிதங்களில் கையெழுத்துப் போடவேண்டும் என்று மகாராஜன் அந்த வாரம் சென்னைக்கு வந்திருந்தான். திரும்பிப் போகும் அன்று சாயங்காலம் எழும்பூர் ஸ்டேஷன் பெஞ்சில் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் டீக் கப்பைக் கையில் பிடித்தபடியே கேட்டான்.

“இது வேற யாருக்காவது தெரியுமா?”

“ஒருத்தருக்கும் தெரியாது அத்தான். அந்தப் பிள்ளைக்குக்கூட குச்சி விஷயம் தெரியாது.”

“நீ ஒண்ணும் சொல்லாம இருந்தா என்ன ஆவும்?”

“எனக்கு ஒண்ணும் ஆவாது. தைவான் போயிரலாம். ஆனா அந்தக் கட்டுரைய நம்பி இன்னும் எத்தனை பேரு உக்காந்து மஞ்சத்தண்ணிய பாத்துக்கிட்டு இருக்காவளோ. அந்தப் பிள்ளை, தன் கைதான் சரியில்லன்னு அழுதா.”

மகாராஜன் டீயைக் குடித்து முடித்துக் கப்பைக் குப்பைக் கூடையில் போட்டான். “நீ ஏற்கெனவே முடிவு பண்ணிட்டல்லா? என்ட்ட ஏன் கேக்க?”

“கேக்கல. சொல்லுதேன்.”

“சரி. தைவான் இல்லன்னா நீ ஊருக்கு வருவ. எனக்கு அதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல பாத்துக்க” என்றான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அன்றைக்கே ப்ரியதர்ஷினியைக் கூப்பிட்டாள். “தப்பு ஒன் கையில இல்லம்மா, எங்க குடுவையில இருந்திருக்கு. ஒங்க மேடத்துக்கும் நானே எழுதுதேன்” என்று சொன்னாள். எழுதியும் அனுப்பினாள்.

சாம்சனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் கெட்டவர் அல்ல. முப்பது வருஷமாகக் கட்டிய பேர் அவருக்கு. ஜெயசித்ரா பேசி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒரு திருத்தக் குறிப்பு போட்டுடலாம். வேகம் கொஞ்சம் குறையலாம்னு.”

“கொஞ்சம் குறையல சார். பொடி வேலையே செய்யல.”

“கட்டுரையைத் திரும்ப வாங்கறதுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? நாளைக்கு இந்த லேபில் இருந்து போற எந்தக் கட்டுரையையும் சந்தேகத்தோடதான் பார்ப்பாங்க. உன்னோட எதிர்காலத்தை யோசிச்சியா?”

“யோசிச்சிட்டுத்தான் சார் வந்தேன்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஒரு வாரம் அவள் பக்கமே திரும்பவில்லை. எட்டாம் நாள் அவள் கூடத்துக்குள் நுழைந்தபோது, மேஜை முன்னால் சாம்சன் நின்றிருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். அவர் குடுவையைக் கையில் தொட்டு யாரும் பார்த்து வெகுநாள் ஆயிற்று. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அவருக்கு முன்னால் இரண்டு குடுவைகள் இருந்தன. ஒன்று தெளிந்திருந்தது, ஒன்று மஞ்சள். பிஸ்கட் டப்பா காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே இருந்த குச்சிகள் எல்லாம் குப்பைக்குப் போயிருந்தன.

“நாலு குச்சி சோதிச்சுப் பார்த்தேன். மூணு இப்படித்தான் இருக்கு” என்றார். “அந்தக் கடிதத்தை எழுதிக் கொண்டு வா. கையெழுத்துப் போடறேன். முதல் காரணமா என் பேரைப் போடு. டப்பாவை வச்சது நான்தான்.”

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஆய்வேட்டில் அந்த ஓர் அத்தியாயத்தை நீக்கிவிட்டு, என்ன நடந்தது என்ற விளக்கத்தைச் சேர்த்துக் கொடுத்தாள். மற்ற அத்தியாயங்கள் சரியாக இருந்ததால் பட்டம் தப்பியது. தைவான்காரர்கள் மரியாதையாகத்தான் எழுதினார்கள். உங்கள் நேர்மையைப் பாராட்டுகிறோம், இந்த வருஷம் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். ஜெயசித்ரா பெட்டியைக் கட்டிக்கொண்டு பொதிகை ரயிலில் ஊர் வந்து சேர்ந்தாள். கோமதிநாயகம் பம்ப் அறையில் ஒட்டியிருந்த தாளைக் கிழிக்கவில்லை. “அதான் பொய்யின்னு ஆயிப்போச்சேப்பா” என்று அவள் சொன்னதற்கு, “நீ பொய் சொல்லலல்லா? அது கெடக்கட்டும்” என்றார்.

ஊருக்கு வெளியே, மேலநீலிதநல்லூர் போகிற சாலையில் ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. அங்கே ஆராய்ச்சி என்று ஒன்றும் இல்லை. ஆய்வகம் என்றால் கேஸ் அடுப்பு, உப்பு ஆய்வு, ஒரு பழைய தராசு. முதல் வருஷம் அவள் பாடம் எடுத்தாள், தாள் திருத்தினாள், வீட்டுக்குப் போனாள். அடுத்த வருஷம் ஊரடங்கு. செல்போனில் கார்பன் சேர்மங்களை நடத்தினாள். மகள் பிறந்தாள். சென்னையில் கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக ஜெர்மனி, கொரியா என்று போட்டோ போட்டபோது, போனைக் கவிழ்த்துவைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவாள். செய்ததற்காக வருத்தம் இல்லை. ஆனால் கை சும்மா இருந்ததுதான் வலித்தது.

கல்லூரி மறுபடி திறந்து ஒரு மாதம் இருக்கும். வரவேற்பறையில் ஒருத்தர் காத்திருக்கிறார் என்றார்கள். போய்ப் பார்த்தாள். ஐம்பது வயது மதிக்கத்தக்கவர்; கைநகங்கள் எல்லாம் ஊதாவாக இருந்தன. பெயர் கபீர். ஊரில் விசைத்தறிகளுக்கு நூல் சாயம் போட்டுக் கொடுக்கும் சின்னப் பட்டறை வைத்திருப்பவர். கையில் ஒரு தண்ணீர் பாட்டில் நிறைய ரத்தச் சிவப்பாகச் சாயத் தண்ணீர்.

“இங்கன கெமிஸ்ட்ரில பெரிய படிப்புப் படிச்ச டீச்சர் இருக்காகன்னு சொன்னாக” என்றார். “இத வெளிய விடக் கூடாது, விடவும் மாட்டேன். தொட்டியில தேக்கி வைக்கேன். தொட்டி ரெம்பிட்டா ரெண்டு நாள் வேலை நின்னுபோவுது. இந்தக் கலரைப் போக்க ஏதாவது வழி உண்டுமா?”

ஜெயசித்ரா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் விரல் நுனியெல்லாம் பரபரத்தது. “தெரியல பாய். பாக்கட்டுமா?” என்றாள்.

மேலநீலிதநல்லூர்ப் பக்கம் மானாவாரிப் பருத்தி உண்டு. வெடித்து முடிந்தபின் காய்ந்த செடித்தண்டுகளை, அந்தப் பருத்திமாரை, அடுப்பெரிக்க அடுக்கி வைத்திருப்பார்கள். அதில் ஒரு கட்டு வாங்கி வந்து, காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கினாள். அந்தக் கரிக்குள் இரும்பை நானோத் துகளாக ஏற்றவேண்டும். அந்த இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து சாயத்தை உடைக்கவேண்டும். இது அவள் கண்டுபிடித்த யோசனை இல்லை; உலகத்தில் பலர் செய்கிறார்கள். இந்த ஊர்க் கரியில், இந்த ஊர்ச் சாயத்தில், வேலை செய்யுமா என்பதுதான் அவளுடைய கேள்வி. கல்லூரி ஒரு சின்னச் சூளை வாங்கிக் கொடுத்தது. காந்தக் குச்சியே வேண்டாம் என்று கண்ணாடிக் கம்பியால் கலக்கினாள்.

முதல் தடவையே சிவப்பு பத்து நிமிஷத்தில் மறைந்தது. முதுகலைத் திட்டக் கட்டுரைக்காக அவளோடு வேலை செய்த முத்துமணி கை தட்டினாள். துறைத் தலைவர் எட்டிப் பார்த்து, “பத்திரிகைக்குச் சொல்லிரலாமா?” என்றார்.

“பொறுங்க சார்” என்றாள் ஜெயசித்ரா. கரியை வடிகட்டி எடுத்து ஸ்பிரிட்டில் ஊறப்போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஸ்பிரிட் சிவந்தது. போன சாயம் அத்தனையும் திரும்பி வந்துவிட்டது.

“என்ன மேடம் இது?” என்றாள் முத்துமணி.

“கரி சாயத்தைக் குடிச்சிருக்கு, அவ்வளவுதான். உடைக்கல. தொட்டியில கெடந்த சாயம் இப்ப கரியில கெடக்கு.”

துறைத் தலைவர் முகம் தொங்கிப்போயிற்று. ஜெயசித்ராவுக்கு ஏனோ அன்று வீட்டுக்குப் போகும்போது மனசு லேசாக இருந்தது. ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்ட பிறகு தெரிவதைவிட, ஒரு சாயங்காலத்துக்குள் தெரிந்தது நல்லதுதானே என்று ஸ்கூட்டியில் தனக்குத்தானே பேசிக்கொண்டே போனாள்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம். இரும்பைக் கரைக்கும் முறையை மாற்றினாள்; சுடும் வெப்பத்தைக் கூட்டினாள், குறைத்தாள்; துகள் பெரிதாகிக் கட்டிதட்டிப் போயிற்று; திருநெல்வேலிக்குப் போய் மின்னணு நுண்ணோக்கியில் பார்க்க மூன்று வாரம் காத்திருக்கவேண்டியிருந்தது. முத்துமணி படிப்பு முடிந்தும் போகாமல் அவளிடமே ஆராய்ச்சிக்குப் பதிவு செய்துகொண்டாள். ஒருவழியாக ஒரு பொடி அமைந்தது. சாயம் மறைய ஐம்பது நிமிஷம் எடுத்தது. வேகம் ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆனால் கரியை ஸ்பிரிட்டில் போட்டால் ஸ்பிரிட் லேசாகக்கூடச் சிவக்கவில்லை. சாயம் உண்மையாகவே உடைந்திருந்தது.

கட்டுரை எழுதும் முன்னால் ஜெயசித்ரா கோயம்புத்தூருக்குப் போன் போட்டாள். ப்ரியதர்ஷினி இப்போது முனைவர் ப்ரியதர்ஷினி. அங்கேயே ஒரு கல்லூரியில் வேலை பார்த்தாள். இருவரும் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது பேசிக்கொள்வார்கள்.

“மூணு பொட்டலம் அனுப்புதேன் ப்ரியா. மூணுலயும் நீயே செய்து பாரு. என்ன வருதோ அதை அப்படியே சொல்லு. எது என்னன்னு நான் சொல்லமாட்டேன்.”

“பரீட்சை எனக்குங்களா, உங்களுக்குங்களா?”

“எனக்குத்தான்.”

இரண்டு வாரம் கழிந்தது. ஒரு புதன்கிழமை, மூன்றாவது பீரியட் முடிந்து வெளியே வரும்போது போன் அடித்தது.

“அக்கா, ஒண்ணும் மூணும் சாயத்தை உடைக்குதுங்க. ஒண்ணு நாப்பத்தெட்டு நிமிசம், மூணு அம்பத்தொண்ணு. ரெண்டாவதுல நிறம் போவுது, ஸ்பிரிட்ல திரும்பி வந்துருது. ரெண்டாவது சும்மா கரிங்களா?”

ஜெயசித்ரா வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டாள். “ஆமாம்மா. சும்மா கரிதான்.”

“அப்ப எழுதுங்க அக்கா. நான் செஞ்சதையும் சேத்துப் போடுங்க. பேரு போடலைன்னாலும் பரவால்லைங்க.”

“பேரு போடாம எப்படி? நீ இல்லன்னா இது ஏது?” என்று சொல்லும்போதே மாணவிகள் தாண்டிப் போனார்கள்; கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தோன்றாமல் அப்படியே நின்றாள்.

கட்டுரை நடுத்தரமான ஓர் இதழில் வந்தது. சாம்சன் அதைப் படித்துவிட்டு ஒரு வரி அனுப்பியிருந்தார்: ‘ஸ்பிரிட் சோதனை நன்றாக இருக்கிறது, இங்கே மாணவர்களுக்கு நாளை வகுப்பில் காட்டுகிறேன்.’

குடுவையில் நடந்தது ட்ரம்மில் நடக்குமா என்று பார்க்கக் கபீர் பட்டறைக்குப் போனது இந்த வருஷம் சித்திரை மாதம். முற்றத்தில் ஒரு பெரிய நீல ட்ரம் நிறையச் சிவப்புத் தண்ணீர். முத்துமணி பொடியை நிறுத்துப் போட்டு, பெராக்சைடையும் அளந்து ஊற்றினாள். கபீர் ஒரு நீளக் கழியால் கலக்கினார். ஓய்வுபெற்ற கோமதிநாயகம், “நானும் வாரேன்” என்று கூடவே வந்து, ஒரு ஸ்டூல் போட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது நிமிஷத்தில் சிவப்பு பாதிதான் குறைந்தது. கபீரின் முகம் வாடிற்று. ஜெயசித்ரா கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிக்கொண்டே, “ட்ரம் பெருசு, கலக்குறது பத்தல. நில்லுங்க பாய்” என்றாள். கழியை அவளும் வாங்கிக் கலக்கினாள். ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆனபோது தண்ணீர் வெளிறிய தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. அள்ளினால் உள்ளங்கை ரேகை தெரிந்தது.

கபீர் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பார்த்தார். “அல்லாவே, கலரு போயிட்டே!” என்றவர், ஒரு சொட்டை நாக்கில் வைத்துத் துப்பினார். “உப்பு அப்படியே இருக்கே டீச்சர்?”

“வாயில வைக்காதீங்க பாய்! உப்பு போவாது. இது கலரை மட்டுந்தான் உடைக்கும். உப்பை எடுக்க வேற வழி பாக்கணும். போயிரும்னு ஒங்ககிட்ட நான் சொல்லமாட்டேன்.”

“நீங்க சொல்லாட்டியும் சரி” என்று கபீர் சிரித்தார். “கலரு இல்லன்னா, அடுத்த சாயத்துக்கு இதே தண்ணிய எடுக்கலாம்லா? உப்புதான் சாயத்துக்கு எப்படியும் போடுதோம்.”

ஜெயசித்ரா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினாள். சாயம் நூலில் ஏற உப்பு வேண்டும். பட்டறைக்காரர்கள் மூட்டை மூட்டையாக அதை வாங்கிப் போடுகிறார்கள். நிறம் போன உப்புத் தண்ணீரைத் தொட்டியில் தேக்குவானேன், சாயத் தொட்டிக்கே திருப்பி விட்டால் என்ன? மூன்று வருஷமாக, நிறம் போனபின் மிஞ்சும் உப்பை எப்படி நீக்குவது என்றே யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு இது தோன்றவே இல்லை.

“பாய், பழைய தண்ணியில ஏத்தின நூலும், புதுத் தண்ணியில ஏத்தின நூலும் ஒரே நிறமா வருமான்னு பாக்கணும். நீங்க ரெண்டு கட்டு நூல் தருவீகளா?”

“ரெண்டு என்ன, பத்துத் தாரேன். எப்ப வைப்போம்?”

“திங்கக்கிழமை.”

கோமதிநாயகம் ஸ்டூலில் இருந்து எழுந்து வந்து ட்ரம்முக்குள் எட்டிப் பார்த்தார். “அந்தச் சிவப்பு எங்கட்டி போச்சு?” என்று கேட்டார்.

ஜெயசித்ரா சொல்ல ஆரம்பித்தாள். அவர் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். முத்துமணி இன்னொரு பக்கம், திங்கட்கிழமைக்கு வேண்டிய பொடியைப் புதுக் கவரில் நிறுத்துக் கட்டி, மேலே தேதி எழுதிக்கொண்டிருந்தாள்.